அப்பாவுக்கு சிங்க்

சுவருக்குள் குழாய் ஓடுகிறது என்பது ஸ்டோர்கீப்பருக்குத் தெரியும். எந்தச் சுவருக்குள் என்பதில்தான் சின்னக் கருத்து வேறுபாடு. அந்தக் கருத்து வேறுபாடு இப்போது அவர் முகத்தில் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு கையில் துளை போடும் மெஷின். மறு கையின் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துப் பார்த்தார். தண்ணீர் விரலைச் சுற்றிக்கொண்டு இன்னும் அழகாக, விசிறி விரித்த மாதிரி, அறை முழுவதும் பரவியது. கட்டிலின் மேல் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். மறுபடி நனைந்தது.

"பரவாயில்ல மாப்பிள்ளை" என்றார். "இந்தப் புழுக்கத்துக்கு நல்லாத்தான் இருக்கு."

புழுக்கம் எதுவும் இல்லை. காலையிலிருந்து வெளியே மழை.

சத்தம் கேட்டு மகள் வாசலில் வந்து நின்றாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். காதில் இருந்த இயர்போனில் ஒன்றை மட்டும் எடுத்தாள்.

"பிளம்பர் எங்கப்பா?"

"சாப்பிடப் போயிருக்கார்."

"வேலையே ஆரம்பிக்கலையே, அதுக்குள்ள சாப்பாடா?"

"வெறும் வயித்துல ஆரம்பிக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லியிருக்கா. நான்தான் அனுப்பி வெச்சேன்."

"அப்ப அவர் வர்ற வரைக்கும் நீங்க சும்மா இருந்திருக்கலாமே?"

பதிலுக்கு ஸ்டோர்கீப்பரிடம் ஒரு தும்மல்தான் இருந்தது. அதைப் போட்டார். விரல் நழுவியது. கூரை வரை தண்ணீர் போனது.

அவர் ஒன்றும் தெரியாத ஆள் அல்ல. ஊரிலேயே பெரிய குளியலறைச் சாமான் கடையில் கிடங்குப் பொறுப்பாளர். குழாய், ஷவர், வாஷர், சிங்க் எல்லாம் அவர் கை படாமல் வெளியே போகாது. ஆனால் கிடங்கில் எதையும் சுவரில் மாட்டுவதில்லை. அடுக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். அந்த வித்தியாசம் அவருக்கு இன்றுதான் உறைத்தது.

எல்லாம் ஒரு வாய்ஸ் மெசேஜில் ஆரம்பித்தது.

மனைவி அலுவலகப் பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். போய்ச் சேர்ந்ததும் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம், திரும்பும் நாள்தான் கொடுப்பார்களாம். கிளம்புகிற அன்று விடியற்காலை அவளை எழுப்புவதாக ஏற்றுக்கொண்டவர் ஸ்டோர்கீப்பர். அவரை எழுப்பியது அவள். வண்டிக்காரன் வாசலில் ஹாரன் அடிக்க, ஈரத் தலையோடு ஓடினாள். ஓடும்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் அன்று முழுவதும் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

மத்தியானம் மெசேஜ் வந்தது. நாலு பேர் கூச்சலுக்கும் ஒரு பஸ்ஸின் உறுமலுக்கும் நடுவில் அவள் குரல்:

"...இங்க பாரு, நேரமில்ல, போனை வாங்கப் போறாங்க. அப்பாவுக்கு இன்னிக்கே சிங்க் வாங்கிடு. டாக்டர் சொல்லிட்டார். எதிர்ப்புச் சக்தி கொறைவா இருக்காம், சும்மா சும்மா சளி பிடிக்கிறது அதனாலதான். இருபது போதும், அதுக்கு மேல வேணாம். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும், வெறும் வயித்துல கூடாது. கூட இரும்பு சேர்க்காதே. ஜாஸ்தியாப் போனா செம்பு கொறைஞ்சிடும், ஜாக்கிரதை. அப்பாகிட்ட விளக்கம் சொல்லிட்டு நிக்காதே, வேணாம்னுதான் சொல்வார். நீ பாட்டுக்குப் போட்டுடு. நான் வந்து பாக்கறேன்..."

ஸ்டோர்கீப்பர் இதை நாலைந்து தடவை கேட்டார். விஷயம் அவருக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டதற்குக் காரணம் வேறு.

'வாங்கிடு.' 'போட்டுடு.' 'சேர்க்காதே.'

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை 'ங்க' போடாமல் பேசியதில்லை. சண்டையில்கூட "உங்களுக்கு மூளை இருக்குங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்பாள். இன்று ஒருமையில் இறங்கிவிட்டாள். காலையில் எழுப்பாததற்கு இவ்வளவு கோபமா? அவர் காது மடல் சூடானது. பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டதோ என்று போனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனித்தார். தன் தகப்பனாரைப் பற்றி அவரிடம் பேசும்போது அவள் எப்போதும் 'எங்கப்பா' என்பாள். இன்று வெறும் 'அப்பா'. இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். 'இனிமேல் அவர் உனக்கும் அப்பா. பார்த்துக்கொள்கிறாயா, பார்க்கலாம்.' இது பரீட்சை.

பரீட்சை ஏன் என்பதும் அவருக்குத் தெரியும். மாமனார் இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. தனியாக இருந்தவரைக் கெஞ்சி, அழுது, அழைத்து வந்தவள் மனைவி. "இருந்து பார்க்கிறேம்மா, யாருக்கும் சங்கடம் இல்லைன்னா இருக்கேன்" என்று சொல்லித்தான் வந்தார். அவர் கொண்டுவந்த பழுப்பு நிறப் பை இன்னும் பிரிக்கப்படாமல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வேண்டிய சட்டையை அதிலிருந்து எடுத்து, துவைத்து, மடித்து, அதிலேயே வைத்துவிடுவார். அலமாரியில் மனைவி ஒதுக்கிக் கொடுத்த தட்டு காலியாகவே கிடக்கிறது. தினமும் பெருக்கும்போது அவள் குனிந்து பார்ப்பாள், பை இருக்கிறதா என்று. அது அலமாரிக்குப் போகிற அன்றுதான் அவளுக்குத் தூக்கம் வரும்.

போன வாரம் மாமனாரையும் ஸ்டோர்கீப்பரையும் ஒன்றாகத்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாமனாருக்கு வயதுக்கு ஏற்ற பொதுப் பரிசோதனை. இவருக்கு வழக்கமான சளி. இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை அவள்தான் வாங்கினாள். ஆக, மாமனாருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. ராத்திரி நேரத்தில் பின்கட்டு வரை ஈரத்தில் நடந்து போய் முகம் கழுவுகிறாரே, பின்னே குறையாதா? அறைக்குள்ளேயே ஒரு சிங்க் போட்டுக் கொடு என்கிறார் டாக்டர். நல்ல டாக்டர்.

இருபது இஞ்ச். அதற்கு மேல் அந்த அறையில் நிற்காதுதான். இரும்பு கூடாது, துருப்பிடிக்கும், பீங்கான் எடுத்துவிடலாம். வேலையாளைப் பட்டினி போட்டு வேலை வாங்கக் கூடாது; அவள் மனசு அப்படி. செம்பு விஷயம் கொஞ்சம் யோசிக்க வைத்தது. பிறகு அதுவும் விளங்கியது. வேலையாட்கள் ஜாஸ்தியாக வந்து போனால் வீட்டில் சாமான் குறையத்தான் செய்யும். சமையலறையிலும் குளியலறையிலும் இருந்த செம்புகளையெல்லாம் பொறுக்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இத்தனை வருஷத்தில் மனைவி தன் துறையில் தன்னிடம் ஒரு வேலை சொன்னது இதுதான் முதல் தடவை. அதை நினைத்தபோது ஒருமைகூட அவ்வளவாகச் சுடவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகள் கேட்டாள். "அம்மா ஏதோ மெசேஜ் அனுப்பறேன்னாங்க. எனக்கு ஒண்ணும் வரலையே?"

"எனக்கு வந்துச்சே" என்றார் ஸ்டோர்கீப்பர், நெஞ்சை நிமிர்த்தி. "நான் பாத்துக்கறேன், நீ படி."

"ம்" என்று அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள். பரீட்சை நெருங்கிவிட்டால் அவளுக்கு வீட்டில் இடி விழுந்தாலும் பாட்டுக்கு நடுவில்தான் விழ வேண்டும்.

"இன்னிக்கு உப்பே போடலையா?" என்று கேட்டார் ஸ்டோர்கீப்பர்.

"தினமும் இதையேதான் கேக்கறீங்க. போட்டிருக்கு."

"நல்லா இருக்கும்மா, எல்லாம் சரியா இருக்கு" என்றார் மாமனார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தியே வாழ்நாள் பேச்சையெல்லாம் செலவழித்துவிட்டார். மிச்சமிருந்தது 'பரவாயில்ல', 'நல்லா இருக்கு' என்ற இரண்டு வார்த்தைகள்தான். இந்த வீட்டில் அந்த இரண்டை வைத்தே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார்.

குழாய் உடைந்த கதைதான் ஆரம்பத்திலேயே சொல்லியாயிற்று. பிளம்பர் வயிறு நிறைய வந்து பார்த்து, "நான் இல்லாதப்ப யாருங்க இதைப் பண்ணினது?" என்று கேட்டார். ஸ்டோர்கீப்பர் சுவரைப் பார்த்தார். மாமனார் கூரையைப் பார்த்து, "பழைய குழாய், தானா விட்டிருக்கும்" என்றார்.

தனக்காக ஒருவர் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம்! ஸ்டோர்கீப்பருக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. தரையில் தண்ணீர் நின்றதால் அதுவும் தெரியவில்லை.

ஒருவழியாக சிங்க் ஏறியது. வெள்ளை வெளேரென்று, இருபது இஞ்ச், பீங்கான். ஆனால் சுவர் ஊறிப் போயிருந்தது. அறையில் நனைந்த கோணி வாசம். மாமனாரை ஹாலுக்கு மாற்றினார். ஹாலில் ஸ்டோர்கீப்பர் படுப்பார். சளி பிடித்தவன் மனைவி பக்கத்தில் படுக்கக் கூடாது என்று எப்போதோ வந்த சட்டம், அது அப்படியே நிலைத்துவிட்டது. இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தார்கள். ஸ்டோர்கீப்பர் ராத்திரியெல்லாம் தும்மினார்.

மூன்றாம் நாள் மாமனார் தும்மினார்.

ஒரே ஒரு தும்மல். பிறகு, "மன்னிச்சுக்கோங்க மாப்பிள்ளை" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டோர்கீப்பர் குளியலறையில் எட்டிப் பார்த்தால், மனிதர் டீ டம்ளரால் மொண்டு மொண்டு குளித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா டம்ளர்ல?"

"செம்பு எங்கயோ காணோம். பரவாயில்ல, இதுலயும் தண்ணி வருது."

மழைக் காலத்தில் டம்ளர் டம்ளராகக் குளித்தால் ஒரு ஆள் எவ்வளவு நேரம் நனைந்துகொண்டு நிற்க வேண்டும்! பூட்டு போட்டது தான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். வாய் தும்மியது. பீரோவைத் திறந்து செம்புகளை எடுத்து வைத்துவிட்டு, நேரே மருந்துக்கடைக்கு ஓடினார்.

மருந்துக்கடையம்மாள் எதையும் நேராகப் பேசுபவர். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாரென்றால், ஆள் பாதி குணமாகிவிடும்.

"பெரியவருக்குச் சளி. எதிர்ப்புச் சக்தி கொறைவுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"சிங்க் போடச் சொல்லலையா?"

"சொன்னார், போட்டாச்சு. ரெண்டு நாள் ஆச்சு."

"எவ்வளவு?"

"இருபது."

"சரியான அளவுதான். சாப்பாட்டுக்கு அப்புறம்தானே?"

"சாப்பிட்டுட்டு வந்துதான் போட்டார்."

"நல்லது. முழுங்கறதுக்கு ஒண்ணும் கஷ்டப்படலையே?"

ஸ்டோர்கீப்பர் அந்த இருபது இஞ்ச் பீங்கானை மனக்கண்ணில் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் மாமனாரின் வாயையும் பார்த்தார். ஏதோ ஒரு இடத்தில் கணக்கு தவறியிருக்கிறது என்று அப்போதுதான் முதன்முதலாக ஒரு சந்தேகம் எழுந்தது.

"எதை முழுங்கறதுக்கு?"

"மாத்திரையைத்தான்."

"சிங்க்குன்னா... முகம் கழுவறது இல்லையா?"

அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு சின்னப் புட்டியை எடுத்து மேஜை மேல் டொக்கென்று வைத்தார்.

"இதுதாங்க ஜிங்க். தமிழ்ல துத்தநாகம். பயப்படாதீங்க, கடிக்காது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னார். கடைக்குள் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"அப்ப உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். வாஷர் இருக்கில்ல, வாஷர்? கையில எடுத்தா ஒரு சுண்டைக்காய் அளவு இருக்காது. அது இல்லேன்னா?"

"ஒரு ஜாயின்ட்டும் நிக்காதுங்க. எல்லாம் ஒழுகும்."

"உடம்புக்கு ஜிங்க் அப்படித்தான். துளியூண்டு போதும், ஆனா வேண்டாத இடமே கிடையாது. கிருமியோட சண்டை போடற வெள்ளை அணுக்கள் இருக்கே, அது உருவாகறதுக்கு இது வேணும், வேலை பழகறதுக்கு இது வேணும், எது நம்ம ஆளு எது வெளியாளுன்னு தெரிஞ்சு அடிக்கறதுக்கும் வேணும். இது கொறைஞ்சா பட்டாளம் இருக்கும், ஆனா பயிற்சி இருக்காது. வந்த கிருமியெல்லாம் உள்ள வந்து உக்காந்துக்கும். அதான் சும்மா சும்மா சளி."

"ஒரேயடியா நிறைய குடுத்து உள்ள வெச்சுக்க முடியாதா?"

"இதைச் சேர்த்து வெக்க உடம்புல ஸ்டோர் கிடையாதுங்க. அன்னன்னிக்குச் சாப்பாட்டுலதான் வரணும்."

ஸ்டோர் கிடையாது என்றதும், மனிதனைப் படைத்தவர்மேல் ஸ்டோர்கீப்பருக்குத் தொழில்முறையில் ஒரு வருத்தம் உண்டானது.

"அதுக்காக அள்ளிக் கொட்டவும் கூடாது" என்றார் அம்மாள். "ஜாஸ்தியா நாள் கணக்குல போச்சுன்னா உடம்புல செம்புச் சத்து கொறைஞ்சிடும். அப்புறம் இருக்கற எதிர்ப்புச் சக்தியும் போயிடும். இரும்புச் சத்து மாத்திரையோட சேர்த்தும் குடுக்காதீங்க, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு உள்ள விடாது."

செம்பு. இரும்பு. பீரோவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த செம்புகள் அவர் கண்முன் வந்து வரிசையாக நின்றன. முகம் கழுத்து வரை சிவந்துபோனது.

"பெரியவருக்கு நாக்குல ருசி மந்தமா இருக்குமே? சாப்பாடு சப்புன்னு இருக்குன்னு சொல்றாரா?"

"அவர் எதைக் குடுத்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்வார்."

"புண்ணு வந்தா சீக்கிரம் ஆறுதா? அதுவும் ஒரு அடையாளம்." அம்மாளின் பார்வை ஸ்டோர்கீப்பரின் கட்டைவிரலில் இருந்த அழுக்குப் பிளாஸ்திரியில் நின்றது. "அது என்ன, போன மாசம் வாங்கிட்டுப் போனது இன்னும் ஒட்டியிருக்கு?"

"அட்டைப் பெட்டி பிரிக்கும்போது கத்தி பட்டது. அதை விடுங்க, நம்ம விஷயத்துக்கு வாங்க" என்று சொல்லித் தும்மினார்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு. சாப்பாட்டுக்கு அப்புறம். ஒண்ணுதான்" என்று விரலைக் காட்டிச் சொல்லி, புட்டியைக் கொடுத்தார் அம்மாள்.

வழி முழுவதும் ஸ்டோர்கீப்பர் தலை நிமிரவில்லை. மனைவி மருந்து கொடுக்கச் சொன்னாள். அவர் அவளுடைய அப்பாவை நனைத்து, சுவரை உடைத்து, ஈரத்தில் படுக்கவைத்து, டம்ளரில் குளிக்கவைத்திருக்கிறார். இப்போது போய், "மாமா, நான் சிங்க்கை சிங்க்குன்னு நினைச்சுட்டேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது? சொன்னால் அவர் 'பரவாயில்ல' என்பார். அதைத்தான் தாங்க முடியாது.

சொல்லாமலே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். விளக்கம் சொல்லாதே என்று அவளே சொல்லியிருக்கிறாளே! விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து மூன்றாகக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். கிடங்கில் சரக்கு குறைந்தால் அப்படித்தான் சரிக்கட்டுவார். மறுநாள் விடிந்ததும், யாரும் எழும் முன், கரண்டியின் முதுகால் மூன்று மாத்திரையை நசுக்கி டீயில் கலக்கி நீட்டினார்.

மாமனார் ஒரு வாய் குடித்தார். அவர் முகம் ஒரு கணம் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. கொஞ்சம்... பஸ்ஸுல நின்னுட்டு வரும்போது வாய்ல விசிலை வெச்சுப்போம்ல, அந்த ருசி." முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

வெறும் வயிறு என்பது ஸ்டோர்கீப்பருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாமனாருக்கு அதற்கும் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பின்கட்டுக்குப் போக நேரமில்லை. அறைக்குள் ஓடி, வெள்ளை வெளேரென்று இருந்த இருபது இஞ்ச் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

ஸ்டோர்கீப்பர் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. தன்னைப் பார்த்தால் தனக்கே கோபம் வந்தது.

மாமனார் வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்ல வேளை மாப்பிள்ளை, இது இங்கயே இருந்துச்சு" என்றார் சிங்க்கைத் தட்டி. பிறகு, "டீ நல்லாத்தான் இருந்துச்சு. என் வயிறுதான் சரியில்ல. உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றார்.

ஸ்டோர்கீப்பர் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து வைத்து, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றார். மகள் வந்து பார்த்து, "சளியாப்பா?" என்றாள். "ஆமா, சளிதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒழுங்காக நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, "சத்து மாத்திரை மாமா" என்று கையில் வைத்தார். மாமனார் "நல்லா இருக்கு" என்று விழுங்கினார். எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது.

மனைவி திரும்பும் நாள் காலை, அறையை எட்டிப் பார்த்த ஸ்டோர்கீப்பர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்தப் பழுப்புப் பை கட்டிலின் மேல் இருந்தது. ஜிப்பைத் திறந்து வைத்து, சட்டைகளை மாமனார் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.

கிளம்புகிறார்.

எப்படிக் கேட்பது? "ஏன் போறீங்க?" என்றால் பரவாயில்ல என்பார். "போகாதீங்க" என்று சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை? அவள் இப்போது வருவாள். குனிந்து பார்ப்பாள். பை இருக்காது. நிமிர்ந்து பார்ப்பாள். சிங்க் இருக்கும். என்ன இது என்பாள். முழுக் கதையும் அங்கிருந்து அவிழ்ந்துவிடும்.

சிங்க்கையாவது காணாமல் பண்ணிவிட்டால்? பதற்றத்தில் மனிதனுக்கு வருகிற யோசனைகளுக்குக் கடவுள் பொறுப்பல்ல. மாமனார் பல் துலக்கப் பின்கட்டுக்குப் போன நேரம், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அறைக்குள் புகுந்தார். இந்தத் தடவை தண்ணீரை முதலிலேயே மூடினார்; அந்த அளவுக்கு அனுபவம் வந்திருந்தது. திருகாணிகளைக் கழற்றினார். சிங்க்கை இரண்டு கைகளாலும் அணைத்து இழுத்தார். அது வந்தது. அதோடு ஊறிப்போன சுவரின் பூச்சும் வந்தது, ஒரே பாளமாக, அவர் காலடியில்.

புழுதி அடங்கியபோது வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் பெட்டி. பின்னால் மகள். பின்கட்டுப் பக்கம், வாயில் நுரையோடு மாமனார்.

பீங்கானைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றார் ஸ்டோர்கீப்பர்.

"என்னங்க இது?"

"சிங்க்."

"அது தெரியுது. எங்கப்பா ரூம்ல எதுக்கு?"

அவ்வளவுதான். அவர் கொட்டிவிட்டார். குழாய், செம்பு, டம்ளர், மூன்று மாத்திரை, வாந்தி, பிளம்பரிடம் மாமனார் சொன்ன பொய் எல்லாம். இடையிடையே தும்மினார். ஒன்றையும் குறைக்கவில்லை. "மாமா, என்னாலதான் நீங்க போறீங்க. என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை திட்டிட்டாவது போங்க" என்று முடித்தார்.

மாமனார் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"நான் எங்க போறேன்?"

"பை கட்டிவெச்சிருக்கீங்களே!"

"அன்னிக்குத் தண்ணி வந்துச்சுல்ல, கட்டிலுக்கு அடியில பை நனைஞ்சு போச்சு. துணியெல்லாம் காயவெச்சு எடுத்தேன். இனிமே அலமாரியில வெச்சுக்கலாம்னு மடிச்சுட்டிருந்தேன்." சிங்க்கைப் பார்த்தார். குரலில் முதன்முதலாக ஒரு குறை எட்டிப் பார்த்தது. "ஆனா அதை ஏன் மாப்பிள்ளை கழட்டினீங்க? எனக்குன்னு ஒரு வீட்டுல யாரும் எதுவும் செவுத்துல அடிச்சு மாட்டினதில்ல. அதைப் பாத்துதான் இங்கயே இருந்துடலாம்னு நினைச்சேன்."

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் அவளுக்கு வேறு ஏதோ உறைத்தது.

"இருங்க, இருங்க. எங்கப்பாவுக்கு ஜிங்க் எதுக்கு? அவர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு டாக்டர், கல்லு மாதிரி இருக்கார்னு சொன்னாரே!"

"நீதானே மெசேஜ் அனுப்பின? அதுவும் வாடா போடான்னு."

"நானா? உங்களுக்கா? உங்களுக்கு நான் எந்த மெசேஜும் அனுப்பலையே!"

அவர் சிங்க்கைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்து ஒலிக்கவிட்டார். '...இங்க பாரு, நேரமில்ல...' பஸ் உறுமியது. மனைவி கேட்டுக்கொண்டே தன் போனைத் திறந்தாள். அதில் அவருக்குப் பெயர் கிடையாது. 'பாப்பா அப்பா' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள், 'பாப்பா'வுக்கு அடுத்த வரியில். ஒரு விரல் தடுமாற்றத் தூரம். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

ஸ்டோர்கீப்பர் மூக்கை உறிஞ்சினார். பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரலால் கண்ணில் விழுந்த சுண்ணாம்பைத் துடைத்தார்.

"அவருக்கு ஒண்ணும் இல்லேன்னா, அப்ப எதிர்ப்புச் சக்தி கொறைவுன்னது யாருக்கு? யாராவது நேரா ஒரு பதில் சொல்லுங்களேன்!"

சொல்லி முடிப்பதற்குள் வந்தது, அந்த வாரத்தின் ஆகப் பெரிய தும்மல். சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பூச்சும் விழுந்தது.

பாப்பா இரண்டு காதிலிருந்தும் இயர்போனைக் கழற்றினாள்.

"அம்மா எங்கிட்ட 'அப்பா'ன்னு சொன்னா, அது நீங்கதானேப்பா?"